வராமல் போகிறவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். யாருக்கும் காட்ட வேண்டியதில்லையாம். பிறகு எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "வாயில வராதது சில பேருக்குக் கையில வரும். எழுதித்தான் பாருங்களேன்" என்றார். பெயர் ஷகிலா. மனநல டாக்டர். என் மகளைவிடப் பத்து வயது கூடுதல் இருந்தால் அதிகம். அவர் முன்னால் நான் எதற்கு உட்கார வேண்டும்? செய்யக் கூடாததைச் செய்தது என் மனைவி.

போன வியாழக்கிழமை துளசிமணி தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் டியூட்டியில் இருந்தேன். இன்றைக்குத்தான் வார்டுக்கு மாற்றினார்கள். இனி உயிருக்குப் பயமில்லை.

ஒரு போலீஸ்காரர் வந்தார். "குடிப்பீங்களா? அடிப்பீங்களா?" இரண்டும் கிடையாது என்றேன். நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டு போனார். நர்ஸ் ஊசி போட வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்கூடப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன், ஓர் ஆட்டுக்குட்டிமேல்கூட ஏற்றியதில்லை. இந்த ஆஸ்பத்திரி என்னைக் கொலைகாரனாகப் பார்க்கிறது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஈரோட்டிலிருந்து சிந்துஜா வந்துவிட்டாள். காலேஜில் லீவு சொல்லியிருக்கிறாள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவிட்டு, போய் வாஷ்பேசினில் ஊற்றினாள். பெற்ற மகள்.

ஆகஸ்ட் 6, புதன்

ராசாமணியக்கா சென்னிமலையிலிருந்து வந்தது. என் கூடப் பிறந்த அக்கா. கட்டில் பக்கத்தில் நின்று, வார்டுக்கே கேட்கிற மாதிரி பேசியது.

"நெசமாச் சாகோணும்னு நெனச்சவ போயிருப்பாடா தம்பி. இவ உன்னைய மெரட்டிப் பாத்திருக்கறா. நாளைக்கு நீ இவ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டோணுமில்ல, அதுக்குத்தான். எல்லாம் நடிப்பு."

துளசிமணிக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னதில் எனக்குப் பாதிக்கு மேல் சம்மதம்தான்.

டாக்டருக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பொழச்சிட்டாங்கங்கறதால அவங்க வலி கம்மின்னு அர்த்தமில்லை. நடிப்புங்கற வார்த்தையை இந்த வார்டுல யாரும் பேசக்கூடாது. உங்க அக்காகிட்டச் சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"சரி, சொல்றேன்" என்று எழுந்தார். அப்புறம் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார். "இந்த வார்டுக்கு வந்து சேர்றவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகம். இங்க வராமயே போயிடறவங்கள்ல ஆம்பளைங்க அதிகம். ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது ஒரே வலிதான். உங்களுக்குத் தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்கறேன்."

"சாப்பாடு?"

"என்னைய எதுக்கு டாக்டர் கேக்கறீங்க? கட்டில்ல படுத்திருக்கறவளைக் கேளுங்க."

படித்தவர் என்றால் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆம்பளை வராமல் போகிறான் என்றால் அவன் யாரையும் தொந்தரவு செய்யாமல் போகிறான் என்று அர்த்தம். எங்கள் டிப்போ மெக்கானிக் மாதேஸ்வரன் போன வருஷம் அப்படித்தான் போனான். முதல் நாள்வரை சிரித்துக்கொண்டு ஸ்பேனர் பிடித்தவன். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் பேசினோம்: எவ்வளவு அழுத்தமான மனுஷன்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் சொன்னபடி மருந்து மாத்திரை எல்லாவற்றையும் சிந்துஜா எடுத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவளிடம். என் சர்க்கரை மாத்திரையைக்கூட அவளிடம் கை நீட்டி வாங்க வேண்டியிருக்கிறது. "அம்மாவைப் பூட்டி வெக்கறதுக்கு என்னையும் சேத்துப் பூட்டறயா?" என்றேன். மாத்திரையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் நானே ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டது. மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம். உப்பு இல்லை என்று சொல்லக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாள் முழுக்க ஒறம்பரை, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும். ஆரஞ்சும் ஆர்லிக்ஸும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒருவர் விடாமல் அவளைத் திட்டினார்கள். கல்யாணத்துக்கு மகள் இருக்கிறாள், நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் என்ன நினைப்பான்? கவர்மென்ட் உத்தியோகத்தில் இருக்கிற புருஷனுக்கு இப்படி ஒரு கெட்ட பேரா? குடிக்கிறானா, கூத்தி வைத்திருக்கிறானா? தங்கமான மனுஷன். துளசிமணி நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பார்வைக்கெல்லாம் இன்றைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

எல்லோரும் போன பிறகு சிந்துஜா என்னிடம் வாயைத் திறந்தாள். "ஒருத்தராவது, உனக்கு என்ன வேதனைன்னு அம்மாவைக் கேட்டாங்களாப்பா?"

"நீ கேக்கறதுதானே?"

"கேட்டுட்டேன். அம்மா சொல்லிடுச்சு. நீங்க கேளுங்க."

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டியூட்டி. வெயில். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது துளசிமணி பேசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் தடவை.

"இன்னைக்கு எங்கீங்க டூட்டி?"

"எங்கயாச்சும். உனக்கென்ன?"

"பங்குனியில இருந்து இதையேதான் கேக்கறேன். அந்தியூரா, சத்தியாங்கறேன். பதிலே இல்லை. வர்றீங்க, சோத்தைத் தின்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறீங்க. நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கறனா செத்துட்டனான்னே தெரியாமப் போச்சுங்க எனக்கு."

"அதான் செத்துப் பாத்தியா?"

சொல்லிவிட்டேன். வந்துவிட்டது. அவள் முகம் மாறவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. அழுதிருந்தால் கத்தியிருப்பேன்.

"வேற எவளாச்சும் இருக்கறாளோன்னு நெனச்சேன்" என்றாள். "அப்பிடி இருந்தாக்கூட அந்தம்மாகிட்டயாவது பேசுவீங்களேன்னு நெனச்சுக்குவேன். யாருகிட்டயுமே பேசாத மனுசனை என்னன்னு நெனைக்கறது?"

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மதியம் பட்டினி. என் உத்தியோகத்தை இவளிடம் ஒப்பிக்க வேண்டுமா? கேள்வி, கேள்வி, கேள்வி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதேஸ்வரனின் மனைவி சாந்தாமணி வந்தாள். அவன் போன பிறகு வாரிசு வேலை கொடுத்து, எங்கள் டிப்போ ஆபீசில்தான் இருக்கிறாள். வெறுங்கையோடு வந்தாள். வந்ததும் துளசிமணியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். துளசிமணி ஓவென்று அழுதாள். நான் ஹாலில் நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அழுங்கக்கா" என்றாள் சாந்தாமணி. "நீங்க அழறீங்க, நான் பாக்கறேன். அவரு எனக்கு அதுக்குக்கூட வழி வெக்கலையே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்கு எங்கயும் போயிருக்க மாட்டேன்."

"தெரியவே இல்லீங்களா?"

"கடைசி வாரம் அத்தனை நல்லா இருந்தாருக்கா. ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த மனுசன் திடீர்னு சிரிக்கறாரு, கறி எடுத்துட்டு வர்றாரு, சமையக்கட்டுல ஒழுகுன ஓட்டையெல்லாம் அடைக்கறாரு. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன். டிப்போவுல இன்னமும் பேசிக்கறாங்க, என்ன அழுத்தம், என்ன ரோசம்னு. கேக்கறப்பெல்லாம் வயிறு எரியுது. ரோசமாம். பத்து வயசுப் புள்ள இன்னைக்கும் வாசக்கதவைப் பூட்ட உடமாட்டேங்கறான், அப்பா வந்தா எப்பிடி உள்ள வருவாருன்னு கேக்கறான்."

எனக்கு நாற்காலியை விட்டு இறங்க வேண்டும்போல் இருந்தது. இறங்கவில்லை.

போகிறபோது என்னைப் பார்த்து, "டிரைவரண்ணா, வெயில்ல தண்ணியிலயே நிக்கறீங்க, காலுல சேத்துப்புண்ணு வந்துராம பாத்துக்குங்க. மேனேஜர்கிட்டச் சொல்லி ஆபீஸ்ல உக்கார்ற வேலை கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசில்தான் சொன்னாள்.

துளசிமணி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன்.

சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு கறுப்பு, எதைப் பார்த்தாலும் அதன்மேல் வந்து உட்காரும். மெடிக்கல் போர்டில் அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அட்டையை மாற்றிவிட்டார்கள். பங்குனியோடு ஸ்டியரிங் போயிற்று. பஸ் கழுவுகிற இடத்தில் குழாய் பிடிக்கிறேன். நான் ஓட்டிய வண்டியை ஒரு பொடியன் ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்துகிறான், "அண்ணா, பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் நல்லா அடிங்க" என்கிறான். காலையில் காக்கி போட்டுக்கொண்டு போகிறேன், நனைந்த பேன்ட் காய்ந்த பிறகு வீட்டுக்கு வருகிறேன். சம்பளம் அதேதான், அதனால் வீட்டுக்குத் தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது? கேட்டதும் முகத்தில் ஒரு இரக்கம் வரும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவோடு தேங்காய் எண்ணெய்ச் சீசா ஒன்றையும் வைத்திருந்தாள், காலில் தடவ. அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில் அதை டிப்போ சுவரில் எறிந்தேன்.

மாதேஸ்வரன் நினைப்பு அடிக்கடி வருகிறது. நினைப்பதில் ஒன்றும் தப்பில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

லீவு போட்டேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பாத்ரூம் தாழ்ப்பாள் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது, மாற்றினேன். சிந்துஜாவுக்கு கேஸ் சிலிண்டர் மாட்டக் கற்றுக்கொடுத்தேன். மோட்டார் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். "எதுக்குப்பா இப்ப இதெல்லாம்?" என்றாள். தெரிந்து வைத்துக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

நன்றாகத் தூங்கினேன். மனசு லேசாக இருக்கிறது. யார்மேலும் கோபம் இல்லை, அந்தப் பொடியன்மேல்கூட. என் கூலிங் கிளாஸை அவனுக்கே கொடுத்துவிட்டேன். மேட்டூர் ரோட்டில் சாயங்கால வெயிலுக்கு ஆகும். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. களிமண் பிள்ளையார் வாங்கி வந்தேன். கொழுக்கட்டைக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். துளசிமணியிடம், "அன்னைக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது, மனசுல வெச்சுக்காதே" என்றேன். சிந்துஜா அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று அவள் அப்படிச் செய்து. துளசிமணி மட்டும் கொழுக்கட்டை மாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம்.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள். அன்றைக்கே துளசிமணியை அந்தியூரில் அவள் அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டரும் தனியாக விட வேண்டாம் என்றுதானே சொன்னார். வீடு காலியாக இருக்கும். நல்லது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரின் பையையும் நானே எடுத்து வாசலில் வைத்தேன். சிந்துஜா செருப்புப் போட்டாள். துளசிமணி தன் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வாசற்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் போகலீங்க."

"ஆட்டோ நிக்குது."

"நிக்கட்டும்."

"உங்கண்ணன் காத்துக்கிட்டு இருப்பான். எந்திரி."

"நீங்க ஒரு வாரமா நல்லவரா இருக்கறது எனக்குப் பயமா இருக்குதுங்க." மெதுவாகத்தான் சொன்னாள். "திட்டுங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குங்க. தட்டை வீசுங்க. பாத்துப் பழகுனது. தேங்காய் துருவித் தர்றீங்களே, அது யாருன்னு எனக்குத் தெரியல. இல்ல, தெரியுது. போன மாசம் நானும் இப்பிடித்தானுங்க இருந்தேன். அன்னைக்குக் காலையில அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாம் கழுவிக் கவுத்தி வெச்சேன். மனசு அத்தனை அமைதியா இருந்துச்சு. நீங்க அதைப் பாக்கல. நான் பாத்துட்டேன்."

சிந்துஜா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பைத்தியமா உனக்கு? நீ செஞ்ச கூத்தை என் தலையில கட்டப் பாக்கறயா?" என்று கத்தினேன். தோளைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. ஆட்டோக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நேராகக் கேட்டாள். "நாங்க போனதும் சாகலாம்னு இருக்கறீங்களா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் சிரித்து மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தலைதான் ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

சிந்துஜா "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த விபத்திலும் கேட்டதில்லை. ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். துளசிமணி எழுந்திருக்கவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்தபடியே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். "எங்க ஊட்டுக்காரருங்க டாக்டர். ஆமாங்க, அவருதான். தனியா உடல. நாங்க ரெண்டு பேரும் கூட இருக்கறோம். இப்பவே கூட்டிட்டு வர்றனுங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் போக வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நான் நடுவில். இரண்டு பக்கமும் இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிடித்தது பாசமாக இல்லை. திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார்கள். வலித்தது.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். எப்போதிலிருந்து, எத்தனை தரம், என்ன நினைத்தீர்கள். சுற்றி வளைக்கவில்லை. பஸ் ரூட்டைக் கேட்பதுபோல் கேட்டார். நானும் சொன்னேன். கண்ணைப் பற்றிச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. செத்துப்போவதைப் பற்றிச் சொல்லும்போது வராதது, ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்லும்போது வந்தது. மூக்கைச் சிந்தி, மூச்சுத் திணறி, அசிங்கமாக அழுதேன். டாக்டர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வாயை மூடு என்று சொல்லவில்லை.

"இது மனசு சம்பந்தப்பட்ட நோய்தான். மருந்து இருக்கு. கொஞ்ச நாள் ஆகும். மறுபடி அந்த எண்ணம் வரும். வந்தா உடனே யார்கிட்டயாவது சொல்லணும். யார்கிட்டச் சொல்வீங்க?"

வெளியே பெஞ்சில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வார்டில் ஆண்கள் பக்கம் பாதிக் கட்டில் காலி.

ஒறம்பரைக்கெல்லாம் எனக்குச் சர்க்கரை எகிறிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆப்பிளும் இளநீரும் வருகின்றன. ஒருவரும் திட்டவில்லை. "உடம்பைப் பாத்துக்கப்பா, குடும்பத்துக்காக உழைச்சு உழைச்சு ஓடாப் போயிட்டே" என்று தலையைத் தடவுகிறார்கள். விவரம் தெரிந்த இரண்டொருவர்கூட, "பாவம், மனுசனுக்கு எத்தனை பாரமோ" என்கிறார்கள். துளசிமணி ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி தட்டில் படுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அவர்கள் போனதும், "நான் செஞ்சா நடிப்பு, நீங்க நெனச்சாலே பாரம்" என்றாள். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள்.



செப்டம்பர் 10, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்கிறது. சோறு மண்ணாக இருக்கிறது. மாத்திரைப் பெட்டிச் சாவி இப்போது எங்கள் இருவரிடமும் இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவிடம். தினமும் வேளைக்கு வந்து இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு பேரும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறோம். பேச்சு இன்னும் சரியில்லை. நேற்று உப்பு ஜாஸ்தி என்றேன், அப்படியானால் நீங்களே வைத்துச் சாப்பிடுங்கள் என்றாள்.

காலையில் அந்த எண்ணம் ஒரு தரம் வந்தது. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்று, "வந்துச்சு" என்றேன். ஈரத் துணி வாளியை என் கையில் கொடுத்து, "இங்கயே நில்லுங்க" என்றாள். எல்லாத் துணியையும் காயப்போட்டு முடிகிறவரை நின்றேன். போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராசாமணியக்கா வந்தது. எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. அழுது முடித்துச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"எல்லாம் இவ படுத்துன பாடு. ஆஸ்பத்திரி, போலீஸ்னு ஊரைக் கூட்டி என்ற தம்பி மானத்தை வாங்குனா. ஆம்பளை எத்தனைதான் தாங்குவான்? உன்னைய ஆஸ்பத்திரியில தள்ளிட்டு இவ மட்டும் பூவும் பொட்டுமா..."

"அக்கா" என்றேன்.

"நீ சும்மாருடா. நீ வெகுளி."

"அக்கா, உக்காரு. நான் சொல்றதைக் கேளு." நாற்காலியை இழுத்துப் போட்டேன். "எனக்குக் கண்ணு போச்சு. பங்குனியில இருந்து பஸ் ஓட்டல, பஸ் கழுவறேன். அந்த வெக்கத்துல செத்துப் போகலாம்னு இருந்தேன். இவளால இல்லை. அந்த வெக்கத்துலதான் இவகூட மாசக்கணக்குல பேசல. இவ கேட்டுக் கேட்டுப் பாத்துட்டுத்தான் அந்த முடிவுக்குப் போனா. நீ நடிப்புன்னு சொன்னே. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். நடிப்பு இல்லக்கா. இவளுக்கும் எனக்கும் வந்தது ஒரே நோவு. அன்னைக்கு இவ கதவை மறிச்சு உக்காரலைன்னா நீ இன்னைக்கு எனக்குக் காரியத்துக்கு வந்திருப்பே."

அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. அப்புறம், "பொண்டாட்டி சொல்லிக் குடுத்த பேச்சா?" என்றது. இல்லை என்றேன். காப்பி குடிக்காமலே எழுந்து போய்விட்டது. கேட்டைச் சாத்தின சத்தத்தில் இனி கொஞ்ச நாளைக்கு வராது என்று தெரிந்தது. கூடப் பிறந்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

துளசிமணி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, நன்றி இல்லை, நான் அதையெல்லாம் எதிர்பார்த்தேன் என்றால் அது என் முட்டாள்தனம்.

"இதை அன்னைக்கு ஆஸ்பத்திரியில வெச்சுச் சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் அக்காவுக்குக் கலந்த காப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆறியிருந்தது.

"எனக்கு உங்க மேல கோவம் இன்னும் போகலீங்க. சட்டுனு போகாது. போகறதுக்கு ரொம்ப வருசம் ஆகும்போல இருக்குது. அதுவரைக்கும் நீங்க இருக்கோணும். நானும் இருக்கறேன்."

சரி என்றேன்.